அம்மாவைவிட மூத்த மகன்

2020 ஊரடங்கு நேரம். படப்பிடிப்பெல்லாம் நின்றுபோனதால் சன் டிவியில் பழைய 'மெட்டி ஒலி'யை மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது பிளஸ் ஒன் முடித்துவிட்டு நாமக்கல் பக்கம் அம்மாயி வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை. அம்மாயி பார்ப்பதையெல்லாம் நானும் பார்த்தேன்.

மெட்டி ஒலி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சிதம்பரம் என்ற அப்பா, தாயில்லாத ஐந்து பெண்களைத் தனியாக வளர்த்துக் கரையேற்றும் கதை. 2002-ல் தொடங்கி 2005 வரை ஓடியது. அப்பாவாக நடித்தவர் டெல்லி குமார்.

ஒருநாள் அம்மாயி திடீரென்று கேட்டார்.

"ஏங் கண்ணு, இந்தப் பெரியவருக்கு எத்தன வயசிருக்கும்?"

"எழுவது இருக்கும் அம்மாயி."

"கதைல சொல்றேன். அஞ்சும் பொண்ணு. மூத்தவளுக்கே இருவத்தஞ்சுன்னு வெச்சுக்க. இவரு இருவத்தஞ்சுல கட்டியிருந்தா என்னாச்சு?"

கணக்குப் போட்டேன். ஐம்பது. அதற்குச் சற்று மேல்.

"உங்க மாமனவிட ரெண்டு மூணு வயசு மூப்பு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அம்மாயி மறுபடி டிவியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் வாசலைப் பார்த்தேன். என் மாமன், வயது 47, அரை டவுசர் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார் :-)

அன்று முதல் எனக்கு இது ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. டிவியில் எந்தப் பழைய படம், பழைய தொடர் வந்தாலும், கதையில் இவருக்கு என்ன வயது, நடித்தவருக்கு என்ன வயது, பார்த்தால் என்ன வயது தெரிகிறது என்று மூன்று கலம் போட்டுக் கணக்குப் பார்ப்பேன். (வணிகவியல் மாணவன். கலம் போடாமல் எதையும் பார்க்க வராது.) அந்தக் கணக்கில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

தாத்தாவைவிட மூத்த பேரன்

அதே ஊரடங்கில் தூர்தர்ஷனும் பழைய ராமாயணம், மகாபாரதம் இரண்டையும் மறு ஒளிபரப்பு செய்தது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் முதலில் வந்தது 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை. அதில் பீஷ்மர் முகேஷ் கன்னா. வெள்ளைத் தாடி, வெள்ளை முடி, கம்பீரக் குரல். பிதாமகர் என்றால் இன்றும் வட இந்தியாவில் அவர் முகம்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் பிறந்தது 1958. தொடர் ஆரம்பித்தபோது வயது 30.

பேரன் பீமனாக நடித்தவர் பிரவீண் குமார். ஆசிய விளையாட்டுகளில் 1966, 1970 இரண்டிலும் வட்டு எறிதலில் தங்கம் வாங்கியவர். பிறந்தது 1947. அதாவது பேரன், தாத்தாவைவிட 11 வயது பெரியவர்! தர்மராக வந்த கஜேந்திர சௌகான் பிறந்தது 1956. அவரும் தாத்தாவுக்கு மூத்தவர்தான். ஆனால் பார்க்கும்போது யாருக்காவது உறுத்தியதா? இல்லை. தாடி வெள்ளையாக இருந்தால் தாத்தா, கறுப்பு மீசை இருந்தால் பேரன். நம் கண் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறது.

இது நம்மூர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1985 முதல் 1992 வரை ஓடிய 'கோல்டன் கேர்ள்ஸ்' தொடரில் பியா ஆர்தருக்கு அம்மாவாக நடித்தவர் எஸ்டெல் கெட்டி. மகள் பிறந்தது 1922, அம்மா பிறந்தது 1923. அம்மா ஒரு வயது சின்னவர். வெள்ளை விக்கும் பெரிய கண்ணாடியும் மீதியைப் பார்த்துக்கொண்டன. எதிர்த் திசையிலும் நடக்கும். 1990-ல் ஆரம்பித்த 'பெவர்லி ஹில்ஸ் 90210' தொடரில் 16 வயதுப் பள்ளி மாணவியாக வந்த காப்ரியல் கார்ட்டரிஸுக்கு அப்போது 29 வயது.

ஆக, நடிப்பு என்றால் வயதை மாற்றுவதும் அதில் சேர்த்திதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாருடைய வயதை, எந்தப் பக்கம், எவ்வளவு நாளைக்கு மாற்றுகிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது.

பாய்ஸ் கம்பெனி கிழவர்கள்

தமிழில் இந்த வழக்கத்துக்கு வேர் சினிமாவுக்கும் முந்தையது. நூறு வருஷம் முன்பு நாடக மேடையை ஆண்டவை பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய குழுவில் சேர்ந்துதான் டி.கே.எஸ். சகோதரர்கள் நடிகர்கள் ஆனார்கள். மீசை முளைக்காத பையன்களே ராஜா, ராணி, முனிவர், கிழவி எல்லாம். எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவருமே சிறுவயதில் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்கள். பத்து வயதுப் பையன் அறுபது வயது மன்னராக வந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் நம் முதல் சினிமா ரசிகர்கள்.

அந்த மேடைப் பழக்கம் அப்படியே ஸ்டூடியோவுக்குள் வந்தது. நம்ம சேலத்தில் திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸும் நாடகக்காரர்களை வைத்தே படம் எடுத்தது. ஏற்காடு ரோட்டில் அதன் வளைவு இன்னும் நிற்கிறது, போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கலையின் உச்சம் என்று எனக்குத் தோன்றுவது வி.கே. ராமசாமி. 1926-ல் பிறந்தவர். 1947-ல் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் அறுபது வயதுக் கிழவராக நடித்தார். அப்போது அவருக்கு 21. அதாவது இன்றைய என் வகுப்புத் தோழர்களின் வயது! அந்த வேஷம் அவ்வளவு பொருந்திப்போனதால் 2002-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அப்பா, மாமனார், பெரியவர் வேஷங்கள்தான். வேஷத்துக்கு அவருடைய வயது வந்து சேரவே நாற்பது வருஷம் ஆனது.

சிவாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1928. 'திருவருட்செல்வர்' (1967) படத்தில் அப்பராக வரும்போது வயது 38. அப்பர் 81 வயது வாழ்ந்தார் என்பது மரபு. கூன் விழுந்த முதுகு, தளர்ந்த நடை, நடுங்கும் கை எல்லாம் முப்பத்தெட்டு வயது உடம்பு செய்தது. 'வியட்நாம் வீடு' (1970) படத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறும் பிரஸ்டீஜ் பத்மநாபனாக வரும்போது 41.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே 1970-ல் 'எங்கிருந்தோ வந்தாள்' படத்தில் அவர் ஜெயலலிதாவுக்குக் கதாநாயகன். கிழவராக ஒரு படம் நடித்தார், பாராட்டு வாங்கினார், ஒப்பனையைக் கலைத்தார், மறுபடி இளைஞர் ஆனார். முதுமை அவருக்கு ஒரு சட்டை. போட்டார், கழற்றினார்.

எல்லோருக்கும் கழற்ற முடிந்ததா?

கழற்ற முடியாத சட்டை

பண்டரிபாயைப் பாருங்கள். 1952-ல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி. 1968-ல் 'குடியிருந்த கோயில்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. எம்.ஜி.ஆர். பிறந்தது 1917, அந்தப் படத்தின்போது 51 வயது. அம்மாவுக்கு நாற்பதுதான். மகனைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர். ஐந்து வருஷம் கழித்து எம்.ஜி.ஆர். 56 வயதில் நடித்த படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973)! ஜோடிகளில் ஒருவரான லதாவுக்கு அப்போது இருபதுகூட நிரம்பவில்லை.

இதைவிடத் தெளிவான கதை ஸ்ரீவித்யாவுடையது.

1975 ஆகஸ்ட். (அதே மாதம் 15-ம் தேதிதான் சென்னையில் தொலைக்காட்சி நிலையமும் தொடங்கியது.) கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' வெளிவந்தது. ஸ்ரீவித்யா 1953-ல் பிறந்தவர், அப்போது வயது 22. படத்தில் அவருக்கு வயதுக்கு வந்த ஒரு மகள். அந்த மகளாக நடித்த ஜெயசுதாவுக்கு 17 வயதை ஒட்டி இருக்கும். அம்மாவுக்கும் மகளுக்கும் ஐந்தாறு வயது வித்தியாசம். இருபது வயது கமல்ஹாசன் வயதில் மூத்த அந்தப் பெண்ணைக் காதலிக்கிறார் என்பதே கதை. உண்மையில் மூப்பு ஒன்றரை வயதுக்குள்தான். படத்தில் ஸ்ரீவித்யாவின் கணவராக ஒரு புதுமுகம் வந்தார். அவர்தான் ரஜினிகாந்த்.

அப்படியே பதினாறு வருஷம் தள்ளி 1991-க்கு வாருங்கள். மணிரத்னத்தின் 'தளபதி'. ரஜினிக்கு அம்மா யார்? ஸ்ரீவித்யா. ரஜினி பிறந்தது 1950 டிசம்பர், ஸ்ரீவித்யா 1953 ஜூலை. மகன் அம்மாவைவிட இரண்டரை வயது மூத்தவர். முதல் படத்தில் மனைவியாக இருந்தவரே இங்கே பெற்ற தாய். அந்தப் படத்தில் அவர் கண்ணாலேயே நடித்திருப்பார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 38 வயதில் அவர் அம்மா ஆனார். 40 வயதில் ரஜினி ஷோபனாவைக் காதலித்துக்கொண்டிருந்தார்.

'இந்தியன்' (1996) படத்தில் கமல் சேனாபதியாக வந்தபோது வயது 41. சேனாபதி நேதாஜியின் படையில் இருந்தவர் என்பதால் கதைப்படி எழுபதைத் தாண்டியவர். ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் வந்து அந்த முகத்தைச் செய்தார் என்பது எல்லோரும் பேசிய விஷயம். அதிகம் பேசப்படாதது சேனாபதியின் மனைவி அமிர்தவல்லி. நடித்தவர் சுகன்யா, 1969-ல் பிறந்தவர். அப்போது 26 வயது. அவருடைய மகன் சந்துருவாக வந்தவரும் அதே 41 வயது கமல்தான்! இருபத்தாறு வயது அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது மகன்.

(2024-ல் 'இந்தியன் 2' வந்தபோது பலரும் சேனாபதியின் வயதைக் கணக்குப் போட்டுக் கிண்டல் செய்தார்கள். 1943-ல் இருபது வயது என்று வைத்தாலே 101 வருகிறது. நியாயமான கிண்டல்தான். ஆனால் அமிர்தவல்லியின் கணக்கை யாரும் போட்டு நான் பார்க்கவில்லை.)

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு அத்தியாயம் உண்டு. ஒரு இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பு குறையும், அதை ஏட்டில் எழுத வேண்டும். நேர்க்கோட்டு முறை என்றால் எல்லா வருஷமும் ஒரே அளவு குறையும். குறைந்து செல் மதிப்பு முறை என்றால் ஆரம்ப வருஷங்களிலேயே பெரும்பகுதி போய்விடும். நம் சினிமா கதாநாயகிகளுக்கு இரண்டாவது முறையைப் போடுகிறது. கதாநாயகனுக்கு? பாடத்தில் அதற்கும் விதி இருக்கிறது: நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது.

அவ்வை ஏன் கிழவி ஆனார்?

இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தபோது எனக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. அவ்வையார் கதை.

நம் பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாமக்கல் கோட்டை மலையில் அரங்கநாதர் குடைவரை இருக்கிறதே, அதைக் குடைந்தவரும் அதியர் வழியில் பிற்காலத்தில் வந்த ஒரு மன்னர். கல்வெட்டில் அதன் பெயரே அதியேந்திர விஷ்ணு கிருகம்.

நாம் சின்ன வயதில் கேட்ட கதை இது: அவ்வை அழகான இளம்பெண். கல்யாணம் பேசுகிறார்கள். அவருக்கு விருப்பமில்லை. பிள்ளையாரிடம் போய் அழுகிறார், என் இளமையை எடுத்துக்கொள் என்று. பிள்ளையார் அவரைக் கிழவி ஆக்குகிறார். உடனே மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுகிறார்கள். அவ்வை கோலை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மன்னர்களுக்கே புத்தி சொல்கிறார்.

இப்போது புறநானூற்றுக்குப் போங்கள். அதியமானைப் பாடிய சங்க கால அவ்வையின் 89-ம் பாட்டில், ஒரு எதிரி மன்னன் பாடுகிறவளைப் பார்த்து, உங்கள் நாட்டில் போர் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். அப்போது அவளை எப்படிக் கூப்பிடுகிறான் தெரியுமா? நகை அணிந்த, மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உள்ள இளம் விறலியே என்று! கோல் இல்லை, கூன் இல்லை, நரை இல்லை. அவ்வையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் பலர் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது இருக்கட்டும். ஆனால் அந்த எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளாக்கிய மக்கள் மனசு, விறலியை விட்டுவிட்டுக் கிழவியை வைத்துக்கொண்டது.

ஏன்? ஒரு பெண் தனியாக நடக்க வேண்டும், அரசவையில் பேச வேண்டும், ஆண்களோடு உட்கார்ந்து கள் குடிக்க வேண்டும் என்றால் அவள் இளம்பெண்ணாக இருக்கக் கூடாது என்று பின்னால் வந்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிழவியாக்கிவிட்டால் பிரச்சினை இல்லை. எனக்கு இப்படித்தான் புரிகிறது.

1940-களில் இந்த அவ்வையை மேடையில் நடித்துப் பெயர் வாங்கியவர் டி.கே. சண்முகம். 1912-ல் பிறந்த ஆண், முப்பதுகளில் கிழவி வேஷம். அதனாலேயே அவ்வை சண்முகம் என்று பெயர் நிலைத்தது. சின்ன வயதில் அவருடைய குழுவில் இருந்த கமல்தான் 1996-ல் 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்துப் பாட்டி வேஷம் போட்டார்.

திரையில் அவ்வை என்றால் கே.பி. சுந்தராம்பாள். நமக்கு அக்கரைதான், கொடுமுடிக்காரர். ஜெமினியின் 'ஔவையார்' 1953-ல் வந்தது. அதில் மூன்று அவ்வைகள் உண்டு. குழந்தையாகப் பேபி சச்சு, இளம்பெண்ணாகக் குசலகுமாரி, பிள்ளையார் கிழவியாக்கிய பிறகு சுந்தராம்பாள். 1908-ல் பிறந்த அவருக்குப் படம் வரும்போது 45 வயதை ஒட்டி.

ஆனால் அந்த வெள்ளைப் புடவை அந்தப் படத்துக்காகக் கட்டியது இல்லை. அவருடைய கணவர், புகழ்பெற்ற பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்துபோனார். அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்றிலிருந்து நகையைக் கழற்றினார், வெள்ளைச் சேலைக்கு மாறினார், 1980-ல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். அவ்வையைப் பிள்ளையார் கிழவி ஆக்கினார். சுந்தராம்பாளை ஆக்கியது வேறு ஒன்று.

டிவி செய்த நல்ல காரியம்

இந்த இடத்தில் சீரியல்களுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். (வகுப்பில் கிண்டல் செய்வீர்கள், பரவாயில்லை.)

1999 டிசம்பரில் 'சித்தி' ஆரம்பித்தபோது ராதிகாவுக்கு 37 வயதை ஒட்டி. அதே 1999-ல் 'படையப்பா'வில் 48 வயது ரஜினி துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். சினிமாவில் 37 வயது நடிகைக்கு அன்று மிச்சம் இருந்தது அக்கா, அண்ணி, அம்மா. டிவியில் அதே ராதிகா கதையின் நடுநாயகம். முப்பத்தேழு வயதுப் பெண், முப்பத்தேழு வயதுப் பெண்ணாகவே தெரிந்தார். முகத்தில் நரை பூசவில்லை, பள்ளிக்கூடப் பெண்ணாகவும் காட்டவில்லை. ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தமிழ்நாடே அவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று காத்திருந்தது.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். 'கோலங்கள்' (2003–2009) தொடரில் தேவயானி, 29 வயதில் தொடங்கி 35 வரை. 2009-ல் தொடங்கிய 'தங்கம்' தொடரில் ரம்யா கிருஷ்ணன், 39 வயதை ஒட்டி. 26 வயதில் கமலுக்கு அம்மாவான அதே சுகன்யா, 2003-ல் தொடங்கிய 'ஆனந்தம்' தொடரில் முப்பதுகளில் கதாநாயகி! வயது ஏறியது, வேஷம் இறங்கியது. சினிமா முன்கூட்டியே கிழவியாக்கிய ஒருவருக்கு டிவி அவருடைய சொந்த வயதைத் திருப்பிக் கொடுத்தது.

எல்லாத் தொடரும் அப்படி என்று சொல்லவில்லை. இந்தியில் 2000-ல் தொடங்கிய 'கியுங்கி சாஸ் பி கபி பஹூ தி' தொடரில் கதை ஒரே தாவலாக இருபது வருஷம் தாவ, இருபதுகளில் இருந்த ஸ்மிருதி இரானி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டார். தலையில் கொஞ்சம் வெள்ளை, கண்ணில் ஒரு கண்ணாடி, முடிந்தது வேலை. ஆனாலும் மொத்தக் கணக்கில் சின்னத்திரை பெரிய திரையைவிட நியாயமாகவே நடந்துகொண்டது என்பேன்.

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தார்களா?

இவ்வளவு நேரம் ஒப்பனை பற்றிப் பேசினோம். ஆனால் அந்தக் காலத்து மனிதர்களே நிஜமாக வயதுக்கு மீறித் தெரிந்தார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பழைய ஆல்பங்களைப் புரட்டினால் அப்படித்தான் தோன்றுகிறது. என் அப்பாவின் கல்லூரிப் படத்தில் எல்லோரும் வாத்தியார்கள் மாதிரி இருக்கிறார்கள்.

ஒரு காரணம் நம் கண்ணில் இருக்கிறது. அந்தக் காலத்து இளைஞர்கள் போட்ட உடை, வைத்த மீசை, போட்ட கண்ணாடி எல்லாவற்றையும் அவர்கள் வயதான பிறகும் விடவில்லை. ஆகவே நாம் அந்த உடையைப் பார்த்தது வயதானவர்கள் மேல்தான். அதையே ஒரு இருபது வயதுக்காரர் மேல் பழைய படத்தில் பார்த்தால், நம் மூளை அறுபது என்று படித்துவிடுகிறது.

சிலர், அப்போது சராசரி ஆயுளே குறைவு, அதனால் சீக்கிரம் கிழடானார்கள் என்பார்கள். இது பாதி தவறு. சுதந்திரம் வந்தபோது இந்தியாவின் சராசரி ஆயுள் 32 வருஷத்தை ஒட்டி என்பது சரி. ஆனால் பச்சைக் குழந்தைகள் நிறைய இறந்ததால்தான் சராசரி அவ்வளவு கீழே போனது. முப்பது வயதில் எல்லோரும் கிழடாகிச் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. வெயிலில் காட்டு வேலை, அடுத்தடுத்துப் பிரசவம், வைத்தியம் பார்க்காத பல், இவையெல்லாம் முகத்தில் தெரியும், அது நிஜம்.

மூன்றாவது காரணம்தான் பெரிது. கல்யாண வயது. 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு வைத்த குறைந்தபட்ச வயது 14. 1949-ல் அது 15 ஆனது. 18 ஆனது 1978-ல்தான். பதினைந்தில் கல்யாணம், பதினாறில் மகள், அந்த மகளுக்கும் பதினைந்தில் கல்யாணம் என்றால் 32 வயதில் பாட்டி! பாட்டி என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அதற்குத் தகுந்த மாதிரி சேலை, கொண்டை, பேச்சு, நடை எல்லாம் மாறிவிட வேண்டும் என்பது ஊர் விதி. பிறந்த வருஷத்திலிருந்து யாரும் எண்ணவில்லை. மனைவி, தாய், பாட்டி, விதவை என்று உறவிலிருந்து எண்ணினார்கள். ஆணுக்கு அப்படி ஒரு சட்டை மாற்றம் கிடையாது. சினிமா இதைக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் இருந்ததைப் படம் பிடித்தது.

இதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் தெரிந்துகொள்ளவில்லை. அதே ஊரடங்கில் அம்மாயி வீட்டு பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. ஏதோ அரசாங்க மனுவுக்காக ராசிபுரம் ஸ்டூடியோவில் எடுத்தது. நாற்காலியில் ஒரு பாட்டி. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து, ஒட்டிய கன்னம். பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் நிற்கிறாள். அது என் அம்மா என்று தெரிந்தது.

"அம்மாயி, இது யாரு, உங்க அம்மாவா?"

வாங்கிப் பார்த்தார். "நாந்தாங் கண்ணு. உங்க அப்புச்சி போன மறு வருசம். அப்ப எனக்கு முப்பத்திமூணு."

நான் ஒன்றும் பேசவில்லை. 'தளபதி'யில் ஸ்ரீவித்யாவுக்கு 38. அவருக்காவது ஒப்பனை. மாலை ஆனால் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இன்றைய கணக்கு

இன்று கணினி வந்துவிட்டது. 2024-ல் 'தி கோட்' படத்தில் 50 வயது விஜய்யை கணினி உதவியோடு இருபது சொச்சம் வயது மகனாகவும் காட்டினார்கள். ரஜினி 2023-ல் 'ஜெயிலர்' படத்தில் பேரன் எடுத்த தாத்தாவாகவே வந்தார், நல்ல மாற்றம்தான். அதில் அவருக்கு மனைவி ரம்யா கிருஷ்ணன், இருபது வயது இளையவர். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்ற விதி இன்னும் அமலில் இருக்கிறது.

ஆனால் வெளியே நிறைய மாறியிருக்கிறது. மாமன் டவுசர் போடுகிறார். 50 வயதைத் தாண்டிய அம்மா சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டிப் போகிறார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ஒருத்தர் மெட்டி ஒலியை மறுபடி எடுத்தால் அந்த அப்பாவுக்குத் தலையில் மை அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

என் அக்கா கல்யாணத்துக்கு அம்மாயிக்கு ஒரு மாந்தளிர் நிறச் சேலை எடுத்துக் கொடுத்தோம். தடவிப் பார்த்தார். நல்லா இருக்குது என்றார். மடித்து பீரோவில் வைத்துவிட்டு வழக்கமான வெள்ளையிலேயே மண்டபத்துக்கு வந்தார். ஏன் அம்மாயி என்று கேட்டதற்கு, "வயசான காலத்துல எனக்கெதுக்குக் கண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கையும் போட்டேன். அம்மாயி பிறந்தது 1952. இளமையாக இருந்தது 32 வருஷம். வயசான காலம் என்று அவர் சொல்வது நடந்துகொண்டிருப்பது நாற்பது வருஷத்துக்கு மேல்.

சேலை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.